சொறியாமல் உட்கார்ந்த குரங்குகள்

மலைச் சரிவில் ஒரு சுனை. அந்தச் சுனைக்கரையில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. பொழுது சாயத் தொடங்கினால் போதும், எந்த மரத்தில் இருந்தாலும் அத்தனை குரங்குகளும் கரைப் பாறைக்கு வந்துவிடும். ஒன்று உட்காரும். அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் மற்றொன்று. எல்லாம் பேன் பார்க்கத்தான்!

பேன் பார்ப்பதற்கு அங்கே முறை இருந்தது. அகப்பட்ட பேனைக் கீழே போடக் கூடாது, வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். முதுகைக் காட்டியவர் அடுத்தவர் முதுகைப் பார்க்க வேண்டும். பேன் பார்த்து முடிந்ததும் தாய் தன் கையாலேயே பழத்தைப் பிய்த்துப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். இதில் எதைத் தவறவிட்டாலும் "முறை தெரியாதவள்" என்று கூட்டமே பேசும். குரங்குகள் சிறுத்தையைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அதிகம் பயப்படும்.

அந்தக் கூட்டத்தில் தவிட்டி என்று ஒரு மந்தி இருந்தாள். தவிட்டு நிறம், மெலிந்த விரல்கள். அவளைப் போலப் பேன் பார்க்க ஆள் கிடையாது. அவள் விரல் முதுகில் பட்டால் கடுவன் என்கிற முரட்டு ஆண்குரங்கும் கண் சொக்கி உட்கார்ந்துவிடுவான். அவளுக்கு ஒரே மகள். பெயர் அரும்பு.

அரும்புக்குத்தான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. கையும் காலும் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் உப்பியிருந்தது. பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரவெல்லாம் வாலடியைச் சொறிந்துகொண்டு புரளுவாள், பல்லை நறநறவென்று கடிப்பாள். பகலில் கிளையில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவாள்.

மற்ற நாளாக இருந்தால் தவிட்டி இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். ஆனால் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் இந்தச் சரிவில் வெள்ளம் பாயும். அதற்கு முன்னால் கூட்டம் முழுவதும் கரும்பிளவு என்ற பள்ளத்தைத் தாண்டி அக்கரை அத்திக் காட்டுக்குப் போய்விட வேண்டும். பால் மறந்த பிள்ளைகள் தாங்களாகவே தாண்ட வேண்டும். பால்குடிக் குட்டி என்றால் மார்பில் தொற்றிக்கொள்ளும். வளர்ந்த பிள்ளையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் தாண்ட எந்தத் தாயாலும் முடியாது. முன்பு ஒருத்தி முயன்று பார்த்தாள், இரண்டு பேருமே கரை சேரவில்லை.

அன்று காலை பிள்ளைகள் எல்லாம் புளிய மரத்தில் தாண்டிப் பழகின. அரும்பும் தாண்டினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. தொப்பென்று சேற்றில் விழுந்தாள்!

கூட்டத்தின் தலைவன் தாடையப்பன் மேல்கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அகன்ற தாடை, முன்னால் தள்ளிய தொந்தி, ஊருக்கே கேட்கும் குரல்.

"ஏ தவிட்டி! மழைக்கு முன்னால உன் பொண்ணு தேறிடணும். இல்லைன்னா விட்டுட்டுதான் போகணும். அவ ஒருத்திக்காகக் கூட்டத்தை வெள்ளத்துல விட முடியாது!"

அவன் சொன்னது கொடுமைதான். ஆனால் பொய் இல்லை. தவிட்டி மகளைச் சேற்றிலிருந்து தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பூப்போல இருந்தாள் பிள்ளை.

சரிவின் அடிவாரத்தில் ஒரு வளை. அதில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அந்தக் காட்டுக்கே அவள்தான் மருத்துவச்சி. மருந்தில் கெட்டிக்காரி. வாயில் அதைவிடக் கெட்டிக்காரி!

தவிட்டி அன்று மாலையே மகளைத் தூக்கிக்கொண்டு வளை வாசலில் போய் நின்றாள்.

"மருத்துவச்சியம்மா! என் பொண்ணைக் கொஞ்சம் பாருங்க!"

முள்ளாயி வெளியே வந்தாள். அரும்பின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். வாலைத் தூக்கிப் பார்த்தாள். அரும்பு வெட்கப்பட்டு நெளிந்தாள்.

"வெட்கமெல்லாம் இருக்கட்டும். ராத்திரியில வாலடி நமைக்குதா?"

"ஆமா பாட்டி, ரொம்ப நமைக்குது!"

"நான் ஒண்ணும் பாட்டி இல்லை. முள்ளு நரைச்சா பாட்டியா? பிறக்கும்போதே எங்களுக்கு முள்ளுல வெள்ளை உண்டு!" என்று சிடுசிடுத்துவிட்டு முள்ளாயி தவிட்டியிடம் திரும்பினாள். "வயித்துல பூச்சி. கீரிப்பூச்சி. வெள்ளை நூல் மாதிரி இருக்கும். உன் பொண்ணு சாப்பிடற இனிப்பையெல்லாம் அது உறிஞ்சிக்குது. பொழுது போனதும் வெளியே வந்து வாலடியில முட்டை இட்டுட்டுப் போகுது. அதுதான் நமைச்சல். நமைக்கிற இடத்தைச் சொறிஞ்சா முட்டை நகத்துல ஒட்டும். அந்தக் கை வாய்க்குப் போனா முட்டை மறுபடியும் வயித்துக்கே போகும்."

"ஐயோ! இதுக்கு மருந்து இருக்கா?"

"இல்லாமலா இங்கே உட்கார்ந்திருக்கேன்!"

முள்ளாயி வளைக்குள் போய்க் கறுப்பாகச் சில கொட்டைகளைக் கொண்டு வந்தாள்.

"இது என்ன கொட்டை?"

"பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா நீயே போய்ப் பறிச்சு, அளவு தெரியாம அள்ளி அள்ளித் தின்பே. குரங்குப் புத்தி எனக்குத் தெரியாதா? இந்தப் பங்கு உன் பொண்ணுக்கு. இந்தப் பங்கு உனக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல சாப்பிடணும்."

"எனக்கு எதுக்கும்மா? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"சொன்னதைச் செய். உண்மையைச் சொல்லப்போனா உங்க கூட்டமே சாப்பிடணும்."

"அவங்களா! தித்திக்கிற பழத்தையே முகர்ந்து பார்த்துதான் தின்பாங்க!"

"அப்படின்னா நீங்க ரெண்டு பேராவது சாப்பிடுங்க. இன்னொண்ணு. மருந்து பூச்சியைத்தான் பட்டினி போடும். முட்டைக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. அதை எப்படிப் பட்டினி போடறது? அதனால முட்டையெல்லாம் பொரிஞ்ச பிறகு இன்னொரு தடவை சாப்பிடணும். இப்போ அமாவாசை. நிலா முழுசானதும் வா, தர்றேன். அதுவரைக்கும் கையைக் கழுவிட்டுதான் எதையும் வாயில வைக்கணும்!"

தவிட்டி தலையைத் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் காதில் விழுந்தது "பொண்ணுக்கு மருந்து இருக்கு, நிலா முழுசானதும் இன்னொரு தடவை" என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

மறுநாள் காலை அரும்பு கொட்டையைக் கடித்தாள். அவ்வளவுதான்! முகம் எட்டுக் கோணலாகப் போனது.

"அம்மா! நாக்கே செத்துப்போச்சும்மா!"

"மென்னு முழுங்குடி கண்ணு! துப்பினா இன்னொரு கொட்டை தருவேன்!"

அந்த மிரட்டல் வேலை செய்தது. அரும்பு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டாள்.

தவிட்டி தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். 'நல்லா இருக்கிற எனக்கு எதுக்கு? இதைப் பத்திரமா வெச்சா, நிலா முழுசாகிறப்போ பிள்ளைக்கே ஆகும். மருத்துவச்சிகிட்ட இன்னொரு தடவை பேச்சு வாங்க வேண்டாம்.' அப்படி நினைத்து அதை மரப்பொந்தில் ஒளித்து வைத்தாள். மகளின் வாய்க்காக எதையும் மிச்சம் பிடித்து வைப்பது அவளுக்குப் பழக்கம். அதில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சற்று நேரத்தில் அரும்பின் வயிறு கடமுடவென்றது. தவிட்டி காதை வைத்துக் கேட்டாள். அவள் காதுக்கு அது வெறும் கடமுடதான். ஆனால் உள்ளே பெரிய கூத்தே நடந்துகொண்டிருந்தது!

"அத்திப்பழம் வந்திருக்கு! வாங்க வாங்க, பந்திக்கு உட்காருங்க!" என்று கூவியது ஒரு பூச்சி.

"உட்கார்ந்துட்டேன். ஆனா இனிப்பு உள்ளே இறங்க மாட்டேங்குதே!" என்றது இன்னொன்று.

"எனக்கும்தான்! சாப்பாடு பக்கத்துல இருக்கு, உடம்புல சேர மாட்டேங்குது!"

"அந்தக் கறுப்புக் கொட்டை வந்ததிலிருந்துதான் இப்படி! ஐயோ, பசிக்குதே!"

"பிடியை விடாதே! குடலை இறுக்கிப் பிடிச்சுக்கோ!"

"பிடிக்கத் தெம்பு வேணாமா? வழுக்குதே! போறேனே!"

கிழட்டுப் பூச்சி ஒன்று மட்டும் கவலையில்லாமல் சிரித்தது. "நாம போனா போறோம். நம்ம வம்சம் எப்படியும் திரும்பி வந்துடும், பாருங்க!"

மறுநாள் காலை எல்லாப் பூச்சிகளும் செத்து வெளியேறின. அரும்பு எட்டிப் பார்த்துவிட்டு வீல் என்று கத்தினாள். தவிட்டிக்கோ கண்ணில் நீர் வந்துவிட்டது. போனவற்றைப் பார்த்து ஒரு தாய் இப்படிச் சந்தோஷப்பட்டதை அந்தக் காடு அதற்கு முன்னால் கண்டதில்லை.

அதன்பின் அரும்பு நன்றாகத் தூங்கினாள். தானாகவே பழம் கேட்டாள். புளிய மரத்தில் முக்கால் தூரம் தாண்டினாள். தவிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. மாலை ஆனதும் மகளை மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிடப் பாசமாகப் பேன் பார்த்தாள். முன்னைவிட நிறையப் பழம் பிய்த்து ஊட்டினாள். கையா? கையைக் கழுவ அவளுக்கு எங்கே நினைப்பு இருந்தது!

நிலா வளர்ந்தது. முழு நிலா வருவதற்குள்ளேயே அரும்பு மறுபடி வாலடியைச் சொறியத் தொடங்கினாள். மறுபடி புரண்டாள். ஊட்டிய பழத்தைத் துப்பினாள். ஒரு நாள் காலை புளிய மரத்திலிருந்து தாண்டி மறுபடியும் அதே சேற்றில் விழுந்தாள்.

"பார்த்தியா! அந்த முள்ளுக்காரி மருந்தெல்லாம் வெறும் ஏமாத்து!" என்று தாடையப்பன் தொந்தி குலுங்கச் சிரித்தான்.

தூரத்து மலையில் மேகம் கறுத்திருந்தது. தவிட்டிக்கு நெஞ்சு பதறியது. பதற்றம் கோபமாக மாறியது. மகளைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடினாள். வளை வாசலில் நின்று கத்தினாள்.

"வெளியே வா! நீயெல்லாம் ஒரு மருத்துவச்சியா? பச்சைப்பிள்ளையை இப்படி ஏமாத்தலாமா? உன் மருந்துல மண்ணைப் போட!"

முள்ளாயி வெளியே வந்தாள். திட்டு அவளுக்குப் புதிதில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு வாய் திறந்தாள்.

"திட்டி முடிச்சாச்சா? இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. உன் பங்கை நீ சாப்பிட்டியா?"

"இல்லை... அவளுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்..."

"ராத்திரியில நீ சொறியறது இல்லையா?"

"சொறியாம? குரங்குன்னா சொறியாதா? எங்க கூட்டத்துல எல்லாரும்தான் சொறியறோம். பிறந்ததுலேருந்து சொறியறோம்!"

முள்ளாயி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் முள் அவள் கையிலேயே குத்தியது.

"அதுதானே பார்த்தேன்! சொறியறது குரங்கு குணம்னு நினைச்சுக்கிட்டு நோவையே மறைச்சு வெச்சிருக்கீங்க! சரி, அதே கையாலதானே பேன் பார்க்கறே?"

"ஆமா."

"அதே கையாலதானே பழம் பிய்ச்சு ஊட்டறே?"

"ஆ... ஆமா."

முள்ளாயி அந்தக் கையைச் சுட்டிக் காட்டினாள்.

தவிட்டி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். கூட்டமே மெச்சிய விரல்கள். மகளுக்கு வலிக்குமே என்று பார்த்துப் பார்த்துத் தடவிய விரல்கள். மகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் திருப்பியபோதெல்லாம் கெஞ்சிக் கொஞ்சி ஊட்டிய விரல்கள்.

"என் கையா?" என்றாள். "என் கையாலதான் என் பிள்ளைக்குப் பூச்சியை ஊட்டிக்கிட்டு இருந்தேனா?"

அவள் உட்கார்ந்து அழுதாள். முள்ளாயி அவள் அருகில் வந்தாள். தவிட்டி அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"தெரியாம செஞ்சதுக்கு அழுது என்ன ஆகும் தாயி? தெரிஞ்ச பிறகு செய்யறதுதான் கணக்கு. உனக்கும் அவளுக்கும் மட்டும் கொடுத்தாலும் பத்தாது. அவ முதுகை நாளைக்குப் பக்கத்துக் கிளை அக்கா பார்ப்பா, அவ கையில இருந்து வரும். கூட்டம் மொத்தமும் ஒரே நாள்ல சாப்பிடணும். உங்க ஆளுங்களைச் சம்மதிக்க வைக்கறது உன் பாடு. கொட்டை பறிச்சு வைக்கறது என் பாடு."

அன்று மாலை எல்லாக் குரங்குகளும் பாறையில் கூடின. தவிட்டி நடுவில் போய் நின்றாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"மருத்துவச்சி மேல தப்பு இல்லை. என் மேலதான் தப்பு. மருந்து என் பொண்ணு வயித்தைச் சுத்தம் பண்ணிச்சு. என் கை மறுபடியும் அழுக்காக்கிடுச்சு. பூச்சி என் வயித்துலயும் இருக்கு. உங்க வயித்துலயும் இருக்கு. நாம எல்லாரும் சேர்ந்து மருந்து சாப்பிட்டாதான் என் பிள்ளை பிழைப்பா!"

கூட்டத்தில் கசமுசவென்று பேச்சு எழுந்தது. தாடையப்பன் மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"யார் வயித்துல பூச்சி? தலைவன் வயித்துலயா? இது பூச்சி வயிறு இல்லை, சாப்பிட்டு வளர்த்த வயிறு! நோவு உன் பொண்ணுக்கு, கசப்பு எங்களுக்கா?"

"நல்லாக் கேட்டீங்க தலைவரே!" என்றன மற்ற குரங்குகள்.

தவிட்டிக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள். கெஞ்சினால் இந்தக் கூட்டம் அசையாது, அவளுக்குத் தெரியும். ஆனால் போட்டி என்று வந்தால் ஒரு குரங்கும் சும்மா இருக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்!

"சரி தலைவரே. ஒரு பந்தயம்! எல்லாரும் இந்தப் பாறையில உட்காருங்க. பொழுது அடையற வரைக்கும் வாலடியைச் சொறியாம இருக்கணும். யார் இருக்காங்களோ அவங்களுக்குப் பூச்சி இல்லை, மருந்தும் வேண்டாம். அவங்க கைகால் பிடிச்சு நான் மன்னிப்புக் கேக்கறேன். யாராவது சொறிஞ்சா, அவங்க மருந்து சாப்பிட்டுத்தான் ஆகணும்!"

"பூ! இவ்வளவுதானா!" என்றான் தாடையப்பன். "மலை மாதிரி உட்கார்றேன், பாரு!"

எல்லாக் குரங்குகளும் வரிசையாக உட்கார்ந்தன. முதலில் ஒரே உற்சாகம். வெயில் இறங்க இறங்கச் சத்தம் குறைந்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோர் முகத்திலும் ஏதோ பெரிய யோசனை இருப்பது போல ஒரு பாவனை.

முதலில் ஓர் இளங்கடுவனின் கை பின்னால் போனது.

"சொறிஞ்சுட்டான்!"

"இல்லை இல்லை! ஈ ஓட்டினேன்!"

அடுத்து இரண்டு மந்திகள் ஒரே நேரத்தில் சொறிந்துவிட்டு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள். ஒரு கடுவன் இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தான். கண்ணில் நீர் வந்ததே தவிர நமைச்சல் போகவில்லை. "அட போங்கடா!" என்று எழுந்து மரத்தில் உரசிக்கொண்டான். அப்புறம் வரிசை முழுவதும் பரபரவென்று சொறிகிற சத்தம்தான்!

கடைசியில் தாடையப்பன் ஒருவன்தான் மிச்சம். மலை மாதிரித்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்த மலை கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு வலப்பக்கம் நகர்ந்தது. மறுபடியும் இடப்பக்கம்.

"தலைவரே, என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் அரும்பு.

"ஒண்ணுமில்லை. பாறை வழுக்குது!"

"பாறை காய்ஞ்சுதானே இருக்கு!"

அடுத்த நொடி கூட்டமே வெடித்துச் சிரித்தது. தாடையப்பன் முறைத்துப் பார்த்தான். முறைத்துக்கொண்டே இரண்டு கையாலும் ஆசை தீரச் சொறிந்தான். சொறியச் சொறிய அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"தோத்துட்டேன் தவிட்டி! எங்கே அந்தக் கொட்டை? கொண்டா!"

மறுநாள் காலை முள்ளாயியே பாறைக்கு வந்தாள். பெரிய உடம்புக்கு ஓர் அளவு, சின்ன உடம்புக்கு ஓர் அளவு என்று பார்த்துப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தாள். "வயித்துல பிள்ளை இருக்கிறவங்களும் பால் குடிக்கிற குட்டிகளும் தள்ளி நில்லுங்க. உங்களை நான் தனியாப் பார்த்துக்கறேன்!" என்று விரட்டினாள். தவிட்டிதான் முதல் ஆளாகத் தன் பங்கை வாயில் போட்டு மென்றாள். அவ்வளவு கசப்பை அவள் அதுவரை அறிந்ததில்லை. மகள் அன்று தன்னந்தனியாக இதை விழுங்கினாளே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை புதர்ப் பக்கம் போய் வந்த தாடையப்பன் யாரும் பார்க்காத நேரமாகக் காத்திருந்தான். பிறகு மெதுவாகத் தவிட்டியின் அருகில் வந்து காதோடு காதாகச் சொன்னான்.

"என் வயித்துல ஒரு கூட்டமே இருந்திருக்கு, தவிட்டி. நம்ம கூட்டத்தைவிடப் பெரிசு!"

அன்று முதல் புது முறை வந்தது. வாலடியைத் தொட்ட கையைச் சுனையிலிருந்து வழிந்தோடும் நீரில் கழுவிவிட்டுத்தான் பேன் பார்க்க வேண்டும். கழுவிய பிறகுதான் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். மறந்தவர்களைத் தாடையப்பன் தண்ணீரிலேயே தள்ளிவிட்டான். முட்டைகளுக்கான இரண்டாம் தடவை மருந்து நாள் வந்தபோது சிலர் "இப்போதான் நமைச்சலே இல்லையே!" என்று நழுவப் பார்த்தார்கள். தாடையப்பன் அவர்களை வாலைப் பிடித்து இழுத்து வந்து விழுங்க வைத்தான். முள்ளாயியோ ஏதோ முணுமுணுத்துவிட்டு வளைக்குத் திரும்பிப் போனாள்.

அரும்பு தேறினாள். வயிறு ஒட்டியது, தோளில் சதை பிடித்தது. பகலில் தூங்கியவள் இப்போது பகலெல்லாம் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்தாள். அதைக் கண்டிக்கத் தவிட்டிக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் விடியும்போதே வானம் கறுத்தது. இடி உறுமியது. "கிளம்புங்க!" என்றான் தாடையப்பன். கூட்டம் கரும்பிளவின் விளிம்புக்கு வந்தது. கீழே ஆழத்தில் தண்ணீர் அப்போதே சீறத் தொடங்கியிருந்தது.

"பிள்ளை முதல்ல, அது பின்னாலயே அதோட தாய்!"

அரும்பு விளிம்புக் கிளையில் போய் நின்றாள். தவிட்டி கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். முடியவில்லை. அரும்பு உடம்பைச் சுருக்கினாள், பின்னங்காலை உதைத்தாள், தாவினாள்!

அக்கரைக் கிளை அவள் கைக்கு அகப்பட்டது. ஒரு ஆட்டம் ஆடி மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா! வந்துட்டேன்!"

இக்கரையில் கூட்டம் ஓவென்று கூவியது. அடுத்து தாண்ட வேண்டியது தவிட்டிதான். ஆனால் அவள் திரும்பி அடிவாரத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.

"ஏ தவிட்டி! மழை வருது! எங்கே போறே?" என்று கத்தினான் தாடையப்பன்.

"சொல்லாம போக முடியாது தலைவரே! மனசு கேக்காது!"

தாடையப்பன் வானத்தைப் பார்த்தான். அவள் போகிற வழியைப் பார்த்தான். பிறகு "எல்லாரும் வாங்கடா!" என்று அவனும் அவள் பின்னால் ஓடினான். அக்கரையில் இருந்த அரும்பு என்ன செய்தாள் தெரியுமா? "என்னை விட்டுட்டா போறீங்க?" என்று இன்னொரு தாவு தாவி இக்கரைக்கே வந்து ஓட்டத்தில் சேர்ந்துகொண்டாள்!

தடதடவென்று கூட்டமே ஓடி வருகிற சத்தம் முள்ளாயிக்குக் கேட்டது. அவள் வளையிலிருந்து வெளியே வந்தாள். அத்தனை குரங்குகளையும் பார்த்ததும் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"மறுபடியும் வந்துடுச்சா?" என்றாள். குரலில் பழைய காரம் இல்லை, பயம்தான் இருந்தது. "அளவு பார்த்துதானே கொடுத்தேன்! ரெண்டு தடவையும் சரியாத்தானே கொடுத்தேன்!"

தவிட்டி மூச்சு வாங்க முன்னால் வந்து கையைக் கூப்பினாள்.

"வரலை மருத்துவச்சியம்மா. ஒண்ணும் வரலை. என் பொண்ணு பிளவைத் தாண்டிட்டா. அதைச் சொல்லத்தான் வந்தோம்."

"சொல்லவா?"

"உங்களைத் திட்டின வாய் இது. இதே வாயால சொல்றேன். என் பிள்ளை உசுரு நீங்க கொடுத்தது. உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டோம்."

தாடையப்பன் தொந்தி இல்லாத வயிற்றோடு குனிந்து வணங்கினான். அவனைப் பார்த்துக் கூட்டம் முழுவதும் குனிந்தது. அரும்பு மட்டும் குனியவில்லை. ஓடிப் போய் முள்ளாயியின் மூக்கில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

முள்ளாயியின் சிலிர்த்து நின்ற முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்திருக்கேன்" என்றாள் கடைசியில். "குணமானவங்க குணமாகிப் போயிடுவாங்க. நோவு திரும்பினவங்கதான் என் வாசலுக்குத் திரும்பி வருவாங்க, திட்டறதுக்கு. அதனால என் மருந்து யாருக்காவது கேட்டுச்சான்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

முதல் தூறல் விழுந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள். "என்ன வேடிக்கை? மழை வருது, ஓடுங்க! அக்கரையிலயும் கையைக் கழுவணும், தெரிஞ்சுதா!"

"தெரிஞ்சுது!" என்று கூவிக்கொண்டு குரங்குகள் பிளவை நோக்கி ஓடின. வெள்ளம் ஏறுவதற்குள் எல்லோரும் அக்கரை சேர்ந்தார்கள்.

எல்லோருக்கும் உள்ள நோய்க்கு எல்லோரும் சேர்ந்து மருந்து உண்டால்தான் குணம் நிலைக்கும். குணமான பின் கொடுத்தவரைத் தேடிப் போய் நன்றி சொல்பவரே முழுதாகக் குணமானவர்.